ஆயில் ஃபில்ட்டர்: கம்பெனிப் பெட்டியா, வெளிப்பெட்டியா?

நம்மூர் ஸ்பேர்ஸ் கடையில் வண்டியின் பெயரையும் வருஷத்தையும் சொல்லி ஆயில் ஃபில்ட்டர் கேட்டால், பெரும்பாலும் மூன்று விதமான பெட்டிகள் மேஜைக்கு வரும். ஒன்று கார் கம்பெனியின் பெயரே போட்டது. இன்னொன்று பாஷ், பியூரோலேட்டர், எலோஃபிக், மான் என்று ஃபில்ட்டர் செய்வதையே தொழிலாகக் கொண்டவர்களின் பெட்டி. வெளிப்பெட்டி என்று நான் சொல்வது இதைத்தான். மூன்றாவது பெட்டியின் பெயர் எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கும், ஆனால் கேட்டிருக்க மாட்டோம். விலை முதல் இரண்டில் பாதிதான்.

"எல்லாம் ஒண்ணுதான் அண்ணாச்சி, எத வேணாலும் எடுங்க" என்பது கடைக்காரரின் வழக்கமான பதில். முதல் இரண்டைப் பற்றி அவர் சொல்வது கிட்டத்தட்ட சரி. மூன்றாவதையும் அதோடு சேர்க்கும்போதுதான் தப்பு. இது போக, யூடியூப் பார்த்துவிட்டு ஆன்லைனில் ஐந்நூறு, அறுநூறு கொடுத்து வரவழைக்கிற நாலாவது ரகமும் உண்டு. வருஷத்துக்குப் பத்தாயிரம் கிலோமீட்டருக்குள் ஓடுகிற ஒரு சாதாரண பெட்ரோல் காரை மனதில் வைத்து நான்கையும் பார்ப்போம். டீசலுக்குப் பிறகு வருகிறேன்.

முதலில் பணக்கணக்கு. சின்ன பெட்ரோல் கார்களுக்கு ஃபில்ட்டர் நூறு ரூபாயை ஒட்டி ஆரம்பித்து இருநூற்றைம்பது, முந்நூறுக்குள் முடிந்துவிடும். அதோடு ஊற்றுகிற மூன்று லிட்டர் சொச்சம் ஆயில் ஆயிரம் ரூபாயைத் தாண்டும். மெக்கானிக் கூலி தனி. ஆக, மலிவுப் பெட்டியை எடுத்தால் மிச்சமாவது வருஷத்துக்கு ஒரு முறை ஐம்பதோ நூறோ. இதைச் சேமிப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பெட்டியின் மேல் எழுதியிருப்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. உள்ளே பார்க்க வேண்டும். மெக்கானிக்கிடம் பழைய ஃபில்ட்டர்களைக் கேட்டு வாங்கி, கவிழ்த்து வைத்து ஆயிலை வடியவிட்டு, டப்பாவின் விளிம்பை வெட்டிப் பார்க்கலாம். ஆக்ஸா பிளேடு போட்டால் இரும்புத்தூள் உள்ளே விழுந்து, அது என்ஜினிலிருந்து வந்ததா பிளேடிலிருந்து வந்ததா என்று தெரியாமல் போகும். டப்பாவைச் சுற்றி உருட்டி வெட்டுகிற கட்டர் இருந்தால் நல்லது.

அடித்தட்டில் சுற்றிலும் சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும். நடுவில் மரை போட்ட பெரிய ஓட்டை ஒன்று. பம்ப் தள்ளுகிற ஆயில் சின்ன ஓட்டைகள் வழியாக உள்ளே வந்து, காகிதத்தை வெளிப்பக்கமிருந்து உள்பக்கமாக ஊடுருவி, நடு ஓட்டை வழியாக என்ஜினுக்குப் போகும். அந்தக் காகிதம் சேலைக் கொசுவம் மாதிரி மடித்து மடித்து வட்டமாக நிற்கும். சின்ன ஓட்டைகளுக்கு உள்பக்கம் ஒரு ரப்பர் வளையம் ஒட்டினாற்போல் படுத்திருக்கும். ஆயில் திரும்பி ஓடாமல் தடுக்கிற வால்வு அதுதான். மறுமுனையில் ஒரு ஸ்பிரிங். பல ஃபில்ட்டர்களில் அதனோடு பைபாஸ் வால்வும் இருக்கும். காகிதம் அடைத்துக்கொண்டால் இந்த வால்வு திறந்து, வடிகட்டாத ஆயிலையாவது என்ஜினுக்கு அனுப்பும். ஆயிலே போகாமல் இருப்பதைவிட அழுக்கு ஆயில் போவது மேல் என்ற கணக்கு.

நான் வெட்டிப் பார்த்தவற்றில், கம்பெனிப் பெட்டிக்கும் பெயருள்ள ஃபில்ட்டர்காரர்களின் பெட்டிக்கும் இடையே பெரிய வித்தியாசம் கண்ணில் படவில்லை. மடிப்புகள் சீராக இருந்தன. காகிதத்தின் இரு ஓரங்களும் சேரும் இடம் இறுக்கமாகப் பிடித்திருந்தது. ரப்பரை விரலால் அழுத்தினால் மடங்கி, விட்டதும் பழைய இடத்துக்கு வந்தது. மலிவு ரகத்தைத் திறந்தபோது கதை வேறு. மடிப்புகள் எண்ணிக்கையில் குறைவு. இருந்தவையும் ஒரு பக்கமாக ஒண்டிக்கொண்டு, எதிர்ப்பக்கம் காலியாகக் கிடந்தது. ஓரம் சேரும் இடத்தில் நகம் நுழைகிற இடைவெளி. ஆயிலுக்கு அது போதும், காகிதத்தைத் தொடாமலே அந்த வழியில் போய்விடும். ரப்பர் வளையமோ விறைத்து, ஓட்டையின் மேல் சரியாகப் படியாமல் நின்றது. வெளியே பெயின்ட் மட்டும் மூன்றிலும் ஒரே பளபளப்பு.

இந்த ரப்பரைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. நம்மூர்ப் பயன்பாட்டுக்குக் காகிதத்தைவிட இதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். பல கார்களில் ஃபில்ட்டர் படுக்கைவாட்டிலோ, வாய் கீழாகவோ மாட்டியிருக்கும். என்ஜினை நிறுத்தியதும் ஃபில்ட்டருக்குள் இருக்கிற ஆயில் என்ஜினின் அடித்தொட்டியான சம்புக்கு வடிந்துவிடாமல் இந்த ரப்பர்தான் பிடித்து வைக்கிறது. பிடிக்காவிட்டால் அடுத்த முறை சாவி போடும்போது ஃபில்ட்டர் நிரம்பி, அப்புறம்தான் மேலே ஆயில் ஏறும். அதுவரை தலைப்பக்கத்திலிருந்து கடகடவென்று ஒரு சத்தம் வரும். ஆயில் விளக்கும் அணையக் கொஞ்சம் தாமதமாகும்.

நம் பக்கத்து வீடுகளில் பல கார்கள் எப்படி ஓடுகின்றன? பையன் சென்னையிலோ வளைகுடாவிலோ இருப்பான், கார் அம்பாசமுத்திரத்திலோ வள்ளியூரிலோ போர்வை போர்த்தி நிற்கும். கோயில் கொடைக்கும் கல்யாணத்துக்கும்தான் வெளியே வரும். இப்படி வாரக்கணக்கில் நிற்கிற வண்டிக்கு, விறைத்துப்போன ரப்பர் உள்ள ஃபில்ட்டர் ஒவ்வொரு முறையும் வறண்ட தொடக்கத்தைத்தான் கொடுக்கும். "வண்டி ஓடவே இல்லியே, ஃபில்ட்டர் எதுக்கு மாத்தணும்" என்பவர்களும் உண்டு. ஓடாவிட்டாலும் வருஷம் ஒரு முறை ஆயிலும் ஃபில்ட்டரும் மாற்ற வேண்டும் என்றுதான் கையேட்டில் போட்டிருக்கும். பத்தாயிரம் கிலோமீட்டர் அல்லது ஒரு வருஷம், எது முந்துகிறதோ அது.

ரப்பரிலும் இரண்டு வகை. சாதாரண ஃபில்ட்டர்களில் நைட்ரைல் ரப்பர், பெரும்பாலும் கறுப்பு. விலை கூடினவற்றில் சிலிக்கோன். நைட்ரைல் சூட்டில் நாளடைவில் இறுகும், சிலிக்கோன் அவ்வளவு சீக்கிரம் இறுகாது. வருஷா வருஷம் மாற்றுகிறவருக்கு நல்ல நைட்ரைல் தாராளம்.

இப்போது அந்த நாலாவது ரகத்துக்கு வருவோம். காகிதத்துக்குப் பதில் செயற்கை இழை, அல்லது காகிதமும் கண்ணாடி இழையும் கலந்தது. பெட்டியில் '99 சதவீதம் வடிகட்டும்' என்று பெரிதாக இருக்கும். எத்தனை மைக்ரான் துகளில் 99 சதவீதம் என்று பக்கத்தில் இல்லாவிட்டால் அந்த எண்ணுக்கு அர்த்தம் இல்லை. மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தலைமுடியின் பருமன் சுமார் 70 மைக்ரான். என்ஜினுக்குள் சுழலும் தண்டுகளைத் தாங்குகிற பேரிங்குகளை அரிக்கிறவை 5 முதல் 20 மைக்ரான் வரையிலான துகள்கள். 40 மைக்ரானில் 99 சதவீதம் என்பது பெருமையே இல்லை. 20 மைக்ரானில் என்றால் பேச்சு. இதை அளக்க ஐஎஸ்ஓ 4548-12 என்று ஒரு சோதனை முறையே இருக்கிறது. அந்த எண்ணையும் மைக்ரானையும் சேர்த்துப் போடுகிற தயாரிப்பாளரை நம்பலாம்.

இந்த ரகம் மோசம் என்று நான் சொல்லவில்லை. அது நல்ல பொருள்தான். கேள்வி, நமக்கு அது எதற்கு என்பது. இணையத்தில் இதைப் புகழ்கிறவர்கள் பெரும்பாலும் பனி பெய்கிற ஊர்க்காரர்கள். அங்கே காலையில் ஆயில் குழம்பாகக் கிடக்கும். காகிதம் அதை விடாது, பைபாஸ் திறந்துகொள்ளும். செயற்கை இழை அந்தச் சமயத்திலும் ஆயிலை விடும் என்பதுதான் அவர்கள் கொடுக்கிற காசுக்கு முக்கிய நியாயம். பாளையங்கோட்டையில் மார்கழி விடியலிலும் ஆயில் உறைவதில்லை. அந்த நியாயம் நம்மூரில் செல்லாது.

இரண்டாவது நியாயம் நீண்ட இடைவெளி. ஸ்கோடா, ஃபோக்ஸ்வாகன் போல 15,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை ஆயில் மாற்றச் சொல்கிற வண்டிகளில் அழுக்கைத் தாங்கும் கொள்ளளவு அதிகமான ஃபில்ட்டருக்கு வேலை இருக்கிறது. ஆனால் அந்த வண்டிக்கு அந்தக் கம்பெனி கொடுக்கிற ஃபில்ட்டரே அதற்கென்று செய்ததுதான். பத்தாயிரத்தில் மாற்றுகிற வேகன் ஆருக்கு அறுநூறு ரூபாய் ஃபில்ட்டர் மாட்டினால், பாதிகூட நிரம்பாமல் குப்பைக்குப் போகும்.

தூசியைச் சொல்லுங்கள், நம் பக்கம் தூசி அதிகமாயிற்றே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆடிக் காற்றில் பணகுடி, காவல்கிணறு பக்கம் போய் வந்தால் வண்டியின் நிறமே மாறிவிடும். திசையன்விளையைச் சுற்றின தேரிக்காட்டுச் செம்மண் கதவு ரப்பருக்குள்ளேயே புகுந்து கிடக்கும். ஆனால் அந்த மண் என்ஜினுக்குள் போகிற வழி ஏர் ஃபில்ட்டர். ஏர் ஃபில்ட்டர் சரியாக உட்காராமல், அல்லது ஏர் கன்னால் ஊதி ஊதிக் காகிதம் நைந்து போயிருந்தால், மண் நேராக சிலிண்டருக்குள் போய் பிஸ்டன் ரிங்கைத் தேய்த்துவிட்டுத்தான் ஆயிலுக்கு வரும். அதன்பிறகு எவ்வளவு நல்ல ஆயில் ஃபில்ட்டர் இருந்தும் தேய்ந்தது தேய்ந்ததுதான். தேரிப் பக்கம் தினமும் ஓடுகிறவர் ஆயில் ஃபில்ட்டரில் கூட்டிக் கொடுக்க நினைக்கிற பணத்தை ஏர் ஃபில்ட்டரைச் சீக்கிரம் மாற்றுவதில் போடட்டும். ஃபில்ட்டர் டப்பாவின் மேல் ஒட்டுகிற காந்தமும் இங்கே உதவாது. அது இரும்புத்தூளைப் பிடிக்கும், மணலைப் பிடிக்காது. கழுவிக் கழுவிப் போடலாம் என்று விற்கிற ஸ்டீல் வலை ஃபில்ட்டர்களையும் நான் எடுக்க மாட்டேன். வலையின் கண் பெரியது. கழுவுகிறபோது உள்ளே ஒரு நூலோ மண்ணோ தங்கினால் அது நேராக பேரிங்குக்குப் போகும்.

டவுனுக்குள்ளேயே ஓடுகிற வண்டிக்குத் தொல்லை வேறு மாதிரி. பெருமாள்புரத்திலிருந்து ஜங்ஷன் வரை, நடுவில் குலவணிகர்புரம் கேட்டில் நின்று, பிள்ளையைப் பள்ளியில் இறக்கிவிட்டு வீடு திரும்பும்போது என்ஜின் சரியாகச் சூடேறியே இருக்காது. கையேட்டின் பின்பக்கங்களில் 'கடினமான பயன்பாடு' என்று ஒரு தனி அட்டவணை இருக்கும். தூசி, குறுந்தூர ஓட்டம், நெடுநேரம் ஐடிலில் நிற்பது மூன்றும் அதில் வரும். நாமெல்லாம் அந்த அட்டவணைக்காரர்கள். விலை கூடின ஃபில்ட்டர் போட்டுப் பத்தாயிரம் ஓட்டுவதைவிட, சாதாரண நல்ல ஃபில்ட்டர் போட்டு அந்த அட்டவணைப்படி முன்கூட்டியே மாற்றுவது என்ஜினுக்கு நல்லது. செலவும் பெரிதாகக் கூடாது.

ஆக, போட்டி முதல் இரண்டு பெட்டிகளுக்குள்தான். கார் கம்பெனிகள் ஃபில்ட்டரைத் தாங்களே செய்வதில்லை, ஃபில்ட்டர்காரர்களிடம்தான் வாங்குகின்றன. "அதே பொருள்தான், பெட்டி மட்டும் வேற" என்ற பேச்சு இதிலிருந்து வந்தது. பாதி உண்மை. ஒரே தொழிற்சாலையிலிருந்து வந்தாலும், கார் கம்பெனி கேட்ட அளவும் கடைக்கென்று செய்கிற அளவும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. பைபாஸ் எந்த அழுத்தத்தில் திறக்க வேண்டும் என்பதை என்ஜினைச் செய்தவர்தான் தீர்மானிக்கிறார். சில என்ஜின்களில் அந்த வால்வு ஃபில்ட்டரில் இல்லாமல் என்ஜினிலேயே இருக்கும். கம்பெனிப் பெட்டியில் இந்தக் கவலை எதுவும் நமக்கு இல்லை. அதனால் விலை ஒன்றுபோல் இருக்கும்போது என் ஓட்டு கம்பெனிப் பெட்டிக்கு.

ஆனால் எங்கே வாங்குகிறோம்? அதிகம் போலி வருவதும் கம்பெனிப் பெட்டியில்தான். யாரும் கேள்விப்படாத பெயரை எவனும் காப்பி அடிக்க மாட்டான். தெரியாத கடையில் வாங்குகிற 'ஒரிஜினல்' பெட்டியைவிட, தெரிந்த கடையில் வாங்குகிற நல்ல வெளிப்பெட்டி மேல். திருநெல்வேலிக்குள் இருக்கிறவருக்குச் சங்கடம் இல்லை. ஷோரூமின் ஸ்பேர்ஸ் கவுன்ட்டரில் போய் பில் போட்டு வாங்கிவந்து, வீட்டுப் பக்கத்து மெக்கானிக்கிடம் கொடுத்து மாட்டலாம். ஷோரூமில் சர்வீஸுக்கு விட வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ராதாபுரத்திலோ கடையத்திலோ இருக்கிறவர் நூறு ரூபாய்ப் பொருளுக்கு வண்ணார்பேட்டை வரை வந்து போக முடியாது. அவருக்குப் பக்கத்து ஊர்க் கடையில் கிடைக்கிற பெயருள்ள ஃபில்ட்டரே சரியான தேர்வு. இல்லையென்றால் டவுனுக்கு வரும்போது இரண்டாக வாங்கி ஒன்றை வீட்டில் வைத்துக்கொள்ளலாம்.

பெட்டியைப் பார்க்கத் தெரிந்தால் போலியில் பாதியை அங்கேயே கழித்துவிடலாம். பொட்டலப் பொருட்களுக்கான 2011-ஆம் ஆண்டு விதிகளின்படி தயாரித்தவர் அல்லது பொட்டலமிட்டவர் முகவரி, மாதம், வருஷம், அதிகபட்ச சில்லறை விலை, புகாருக்கான தொடர்பு எல்லாம் பெட்டியில் இருக்க வேண்டும். பாகத்தின் எண் பெட்டியிலும் டப்பாவிலும் ஒன்றா என்று பாருங்கள். வாய்ப்பக்கத்து மரையில் விரல் ஓட்டினால் பிசிறு தட்டக்கூடாது. போட்டிருக்கிற விலையில் பாதிக்குத் தருகிறேன் என்றால், கடைக்காரர் அவ்வளவு தாராளமாக இருக்க என்ன காரணம் என்று யோசிக்கலாம்.

பாகத்தின் எண்தான் எல்லாவற்றையும்விட முக்கியம். வண்டியின் பெயரைச் சொல்லி ஃபில்ட்டர் வாங்கக்கூடாது, என்ஜினைச் சொல்லி வாங்க வேண்டும். ஸ்விஃப்ட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 2005-இல் வந்தபோது 1.3 லிட்டர் பெட்ரோல். பிறகு 1.3 லிட்டர் டீசல் வந்து 2020-இல் நின்றது. 2010-இலிருந்து 1.2 லிட்டர் கே சீரிஸ் பெட்ரோல் என்ஜின். 2024-இல் மூன்று சிலிண்டர் இசட் சீரிஸ். 'ஸ்விஃப்ட் ஃபில்ட்டர்' என்று கேட்டால் கடைப் பையன் எதை எடுப்பான்?

மரையும் அப்படித்தான். சில கார்களில் ஃபில்ட்டர் மரை 20 மில்லிமீட்டர், சிலவற்றில் முக்கால் அங்குலம். முக்கால் அங்குலம் என்றால் 19.05 மில்லிமீட்டர். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. என்ஜினில் நீட்டிக்கொண்டிருக்கிற முக்கால் அங்குல மரைக் குழாயில் 20 மில்லிமீட்டர் ஃபில்ட்டரைத் திருகினால் தொளதொளவென்று ஏறி, பிடித்த மாதிரியும் இருக்கும். ஆயில் அழுத்தம் ஏறும்போது, நாங்குநேரி தாண்டி நாலு வழிச்சாலையில் வேகமெடுக்கிற நேரத்தில் கழன்றால், சில நிமிஷத்தில் சம்ப் காலி. அதோடு என்ஜினும். பழைய ஃபில்ட்டரைக் கையில் கொண்டுபோய் எண்ணை ஒப்பிட்டு வாங்குவது கிராமத்து மெக்கானிக்குகளின் பழக்கம். நல்ல பழக்கம், ஏற்கெனவே மாட்டியிருந்தது சரியானதாக இருக்கிற வரை.

டீசலுக்கு வருவோம். பல டீசல் கார்களிலும் சில பெட்ரோல் கார்களிலும் டப்பா கிடையாது. என்ஜினோடு ஒரு கூடு இருக்கும், மூடியைத் திருகி உள்ளே காகித உருளையை மட்டும் மாற்ற வேண்டும். இங்கே பெட்டிக்குள் இருக்கிற ஓ-ரிங், அதாவது ஒழுகாமல் அடைக்கிற ரப்பர் வளையம், காகிதத்தின் அளவுக்கு முக்கியம். மலிவுப் பெட்டிகளில் மூடிக்கான பெரிய ஓ-ரிங் ஒன்று இருக்கும், தண்டுக்கான சின்னது இருக்காது. அல்லது ஓ-ரிங்கே இருக்காது, பழையதையே மாட்டுவார்கள். உருளை இரண்டு மில்லிமீட்டர் குட்டையாக இருந்தாலும் ஆயில் பக்கவாட்டில் வடிகட்டாமல் போய்விடும், வெளியே எந்த அடையாளமும் தெரியாது. டீசலில் புகைக்கரி வேறு ஆயிலில் சேரும். அதனால் டீசலுக்குக் கம்பெனிப் பெட்டி, கிடைக்காவிட்டால் முழு ஓ-ரிங் செட்டோடு வருகிற பெயருள்ள பெட்டி, இந்த இரண்டைத் தவிர வேறு வேண்டாம். பிளாஸ்டிக் மூடியாக இருந்தால் எவ்வளவு இறுக்க வேண்டும் என்று பல சமயம் அதன் மேலேயே அச்சிட்டிருக்கும். பலத்தைக் காட்டினால் மூடி விரியும்.

வாரண்டி பற்றி ஒரு வார்த்தை. வெளியே மாட்டினால் வாரண்டி போய்விடும் என்று சொல்லிப் பயமுறுத்துவதையும், ஸ்பேர்ஸை வெளிக்கடைக்கு விடாமல் வைத்திருப்பதையும் எதிர்த்து, இந்தியப் போட்டி ஆணையம் 2014-இல் 14 கார் கம்பெனிகளுக்கு சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. விஷயம் அப்பீலுக்கும் போனது. சட்டம் நம் பக்கம் இருக்கலாம், ஆனால் என்ஜின் பழுதாகி நிற்கும்போது நூறு ரூபாய் ஃபில்ட்டருக்காக வாதாடிக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை கிடையாது. வாரண்டி இருக்கிற வரை ஷோரூமிலேயே மாற்றுங்கள். இலவச சர்வீஸ் என்றாலும் ஆயிலுக்கும் ஃபில்ட்டருக்கும் பில் வரும், பில்லைப் பத்திரமாக வையுங்கள்.

மாட்டுகிறபோது பக்கத்தில் நில்லுங்கள். பழைய ஃபில்ட்டரின் ரப்பர் வாஷர் சில சமயம் என்ஜினிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். அதன் மேல் புதிதை மாட்டினால் இரண்டு வாஷர் சேர்ந்து ஒழுகும். துணியால் துடைக்கச் சொல்லிவிட்டு, புது வாஷரில் விரலால் கொஞ்சம் ஆயில் தடவச் சொல்லுங்கள். கையாலேயே திருகி, வாஷர் தொட்டதும் இன்னும் முக்கால் சுற்று போதும். சரியான அளவு டப்பாவிலேயே படம் போட்டிருக்கும். பெல்ட் ரெஞ்ச் கழற்றுவதற்கு, இறுக்குவதற்கு இல்லை. "இன்னும் கொஞ்சம் டைட் வைப்போமா அண்ணாச்சி?" என்று தம்பி கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அடுத்த வருஷம் அதைக் கழற்ற முடியாமல் ஸ்குரூ டிரைவரால் டப்பாவைக் குத்திச் சுற்றப்போவதும் அதே தம்பிதான். பிறகு என்ஜினை ஸ்டார்ட் செய்து, ஆயில் விளக்கு அணைந்ததும் இரண்டு நிமிஷம் ஐடிலில் விட்டு, அடியில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, நிறுத்தி ஐந்து நிமிஷம் கழித்து டிப்ஸ்டிக்கை இழுத்துப் பாருங்கள். புது ஃபில்ட்டர் குடித்த ஆயில் அளவுக்கு மட்டம் இறங்கியிருக்கும், அதை மட்டும் ஊற்றினால் போதும்.